வயசைக் காட்டி வாயை அடைக்காதீர்கள்

"இந்த வயசுல எல்லாருக்கும் அப்படித்தாம்மா இருக்கும்."

உளுந்தூர்பேட்டைப் பக்கத்தில் நாற்பத்தைந்தைத் தொட்ட ஒரு பெண், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது என்று வாய் திறந்தால் அவள் காதில் விழுகிற முதல் பதில் இதுதான். மாமியார் சொல்கிறார். ஓரகத்தி சொல்கிறாள். மருந்துக்கடைக்காரர் கேஸ் மாத்திரை ஒன்றைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே சொல்கிறார். சில நேரம் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் போட்டவரும், அதைக் காதில் மாட்டாமலேயே சொல்லிவிடுகிறார். தீட்டு நிக்கிற வயசு, உடம்புச் சூடு, போகப் போகச் சரியாயிடும். சொல்கிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த ஆறுதல் நம் பெண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கிறது. இதை எதிர்த்துத்தான் எழுதுகிறேன்.

அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. அதை மறைத்துவிட்டு வாதாட எனக்கு விருப்பமில்லை. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால்தான் அது நின்றுவிட்டதாக மருத்துவம் கணக்கு வைக்கிறது. மேற்கு நாடுகளில் இது சராசரியாக 51 வயதை ஒட்டி நடக்கிறது. இந்திய மெனோபாஸ் சங்கம் நாடு முழுக்கக் கணக்கெடுத்தபோது நம் பெண்களுக்கு அந்த வயது 46 என்று வந்தது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் ஒரே சீராகக் குறைவதில்லை, ஏறி ஏறி இறங்குகிறது. ரத்தக் குழாய்களின் சுவர், இதயத்தை முடுக்குகிற நரம்பு, அடக்குகிற நரம்பு, உடம்புச் சூட்டை அளந்தபடியே இருக்கும் மூளையின் ஹைப்போதலாமஸ் என எல்லாவற்றோடும் அந்த ஹார்மோனுக்குத் தொடர்பு உண்டு. நெஞ்சிலிருந்து முகத்துக்குக் குப்பென்று அனல் ஏறி, ரவிக்கை நனைய வியர்க்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து கூடுவது அதனால்தான்.

இரவில் இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் வருகிற இன்னொரு வகையும் உண்டு. ஒரு துடிப்பு விட்டுப்போனது போல இருக்கும், அடுத்து நெஞ்சுக்குள் யாரோ குத்தியது போல ஒரு அடி விழும். நேரத்துக்கு முன்பே ஒரு துடிப்பு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு இதயம் சற்று அதிக நேரம் ஓய்வெடுக்கிறது, அந்த இடைவெளியில் வழக்கத்தைவிடக் கூடுதலாக ரத்தம் நிரம்புகிறது, அதைத் தள்ளுகிற அடுத்த துடிப்பு பலமாக விழுகிறது. பயமுறுத்தும் இந்த அடி, பழுதில்லாத இதயத்தில் பெரும்பாலும் தீங்கற்றது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், மாதவிடாய் நிற்கப்போகும் பருவத்தில் 100 பெண்களில் 42 பேர் வரையும் நின்ற பிறகு 54 பேர் வரையும் படபடப்பைச் சொல்வதாகக் கண்டிருக்கிறார்கள். ஆக, இது பரவலாக வருவது, பலருக்குத் தானாக அடங்குவது. இதுவரை நானும் அவர்களும் ஒரே பக்கம்தான்.

பிரிகிற இடம் ஒன்றே ஒன்று. பலருக்கு ஆபத்தில்லை என்பது ஊருக்கான கணக்கு. எதிரே நிற்கிற இந்த ஒருத்திக்கு ஆபத்தில்லை என்று சொல்ல அவளைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். நாடி எண்ணாமல், ரத்தம் எடுக்காமல், ஈசிஜி தாளைப் பார்க்காமல் வயசு என்று முடிப்பவர், எல்லாப் பரிசோதனைக்கும் பிறகு கடைசியில் வர வேண்டிய முடிவை முதல் வாய்ப்பேச்சிலேயே எடுத்துவிடுகிறார். மாதவிடாய் நிற்பதுதான் காரணம் என்பது, மற்ற காரணங்கள் இல்லை என்று தெரிந்த பிறகு மிஞ்சி நிற்க வேண்டிய பதில்.

மற்ற காரணங்கள் என்றால் அபூர்வ நோய்களைச் சொல்லவில்லை. நம் தெருவிலேயே இருப்பவற்றைச் சொல்கிறேன். முதலில் இருப்பது ரத்தசோகை.

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்று அது சொன்னது. இரண்டு பேரில் ஒருத்திக்கு மேல். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் பலருக்கு உதிரப்போக்கு கட்டுக்கடங்காமல் போகிறது. பத்து நாள், பதினைந்து நாள், கட்டி கட்டியாக. கருப்பையில் நார்க்கட்டி இருந்தால் இன்னும் மோசம். அதைச் சொன்னாலும் அதே பதில்தான் வருகிறது: அந்த வயசுல அப்படித்தான் போகும். ரத்தம் போவதற்கும் வயசு, போன ரத்தத்தால் நெஞ்சு அடித்துக்கொள்வதற்கும் வயசு. ஒரே பொய் ஆறுதல் காரணத்தையும் விளைவையும் சேர்த்து மூடிவிடுகிறது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை, 8-க்குக் கீழே போனால் கடுமையானது. ஏழில் நிற்கிற ஒரு பெண்ணின் இதயம் என்ன செய்யும்? ஆக்சிஜன் சுமக்க ஆள் குறைந்துவிட்டதால், இருக்கிற ரத்தத்தையே இன்னும் வேகமாகச் சுற்றவிடும். அவள் உட்கார்ந்திருக்கும்போதே அது ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெண் கரும்புத் தோகை கழிக்கப் போகிறாள், களை எடுக்கப் போகிறாள், நூறு நாள் வேலையில் மண் சுமக்கிறாள். நெஞ்சு அடிக்காமல் என்ன செய்யும்?

இதற்கும் ஊரில் ஒரு கைவைத்தியம் தயாராக இருக்கிறது: முருங்கைக்கீரை தின்னு, பேரீச்சம்பழம் தின்னு. தின்னட்டும், நல்ல உணவுதான். ஆனால் மாதாமாதம் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும் உடம்புக்குக் கீரையிலிருந்து இரும்புச்சத்து சேர்கிற வேகம் போதாது. சாப்பிட்ட கையோடு குடிக்கிற டீ, சேர்கிறதிலும் ஒரு பங்கைத் தடுத்துவிடுகிறது. வேண்டியது இரும்புச்சத்து மாத்திரை, சிலருக்கு நரம்பில் ஏற்றுகிற இரும்பு மருந்து, எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த உதிரப்போக்கு ஏன் என்று ஒரு ஸ்கேன். மலம் கறுப்பாகப் போகிறது, வயிற்றைப் பிரட்டுகிறது என்று மாத்திரையைப் பாதியில் விடுகிறவர்கள் அநேகம். கறுப்பாகப் போவது மருந்தின் இயல்பு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தால் விடமாட்டார்கள்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பெரிய ஆய்வில் பெண்களின் ரத்தசோகைக் கணக்கு 49 வயதோடு நின்றுவிடுகிறது. ஐம்பது வயதுப் பெண்ணின் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று அது கேட்கவே இல்லை. வீட்டில் உள்ளவர்கள் மட்டுமா வயசைக் காட்டி வாயை அடைக்கிறார்கள்? பிள்ளை பெறுகிற வயது முடிந்ததும் அரசின் அட்டவணையும் அவளை விட்டுவிடுகிறது. கர்ப்பமானால் அவளைப் பதிவு செய்து பிக்மி எண் தருவார்கள், கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வருவார், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய்க்கான உதவி உண்டு. இவை நல்லவை, தமிழ்நாடு பெருமைப்பட வேண்டியவை. பிரசவத்தில் தாய் சாகாமல் காத்த அதே கவனம், இரண்டாவது பிள்ளைக்குப் பின் குடும்பக்கட்டுப்பாடு செய்ததும் மெல்ல விலகிவிடுகிறது. அதற்குப் பிறகு இருபது ஆண்டு கழித்துத்தான் நெஞ்சு படபடக்கிறது. அப்போது அவள் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

அடுத்தது தைராய்டு. அளவுக்கு மீறிச் சுரந்தால் வியர்வை, படபடப்பு, சூடு தாங்காமை, தூக்கமின்மை, கை நடுக்கம், எடைக் குறைவு. எடையையும் நடுக்கத்தையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் மாதவிடாய் நிற்கும்போது வருகிற அத்தனையும் இதில் இருக்கின்றன. எந்தப் பாட்டியாலும், எந்த டாக்டராலும், முகத்தைப் பார்த்து மட்டும் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட முடியாது. ஒரு குழாய் ரத்தம் சொல்லும். தைராய்டு குறைவு என்று ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்களுக்கு அளவு கூடிப்போனாலும் இதே படபடப்புதான். வருஷக்கணக்கில் பரிசோதிக்காமல் பழைய சீட்டைக் காட்டியே மாத்திரை வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிறகு வால்வு. நம் நாட்டில் இதைச் சொல்லாமல் பெண்களின் படபடப்பைப் பேசக்கூடாது. சின்ன வயதில் தொண்டைப் புண், காய்ச்சல், முட்டி மாறி முட்டி வீக்கம் என்று வந்துபோன ருமாட்டிக் காய்ச்சல், இதய வால்வில் தழும்பை வைத்துவிட்டுப் போகிறது. வால்வு மெல்ல மெல்லச் சுருங்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டிருந்த பெண்பிள்ளைக்குக் கல்யாணம் ஆனதும் அது விட்டுப்போயிருக்கும். புகுந்த வீட்டில் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். இருபத்தைந்து ஆண்டு கழித்து இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும். ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் என்கிறார்கள். இந்த நோயைப் பற்றி இந்தியாவில் வைத்த பதிவேட்டில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் காரணம் ருமாட்டிக் வால்வு நோய்தான். நோயாளிகளின் சராசரி வயது ஐம்பத்தைந்தை ஒட்டியது, பாதிக்கு மேல் பெண்கள். மேற்கு நாடுகளில் இது எழுபதைத் தாண்டியவர்களின் நோய். இங்கே, துல்லியமாக எந்த வயதில் "அந்த வயசும்மா" என்று சொல்கிறோமோ அந்த வயதில் வருகிறது. தாறுமாறாகத் துடிக்கும் அறையில் ரத்தம் தேங்கி உறையும். உறைந்த கட்டி மூளைக்குப் போனால் ஒரு பக்கம் கை கால் விழுந்துவிடும். அதற்குப் பிறகு வாயுப் பிடிப்பு என்று யாரும் சொல்வதில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டு, சுருங்கிய வால்வை பலூன் வைத்து விரிக்கவும் வழி உண்டு. எல்லாம் கை விழுவதற்கு முன்னால் தெரிந்திருந்தால்.

வயசு என்று சொல்லாதவர்கள் பயம் என்கிறார்கள். டென்ஷன், மனப்பிராந்தி, வீட்டில் ஏதாவது சண்டையா, மகன் படிக்கவில்லையா, மருமகளோடு ஒத்துப்போகவில்லையா? இந்தப் பழக்கம் நம் ஊரோடு நிற்பதில்லை. 1997-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த ஆய்வைச் சொல்கிறேன். எஸ்.வி.டி. என்கிற துடிப்புக் கோளாறு உறுதியான 107 பேரின் பழைய மருத்துவக் குறிப்புகளைத் திரும்பப் புரட்டிப் பார்த்தார்கள். இதயத்துக்குள் இருக்கிற கூடுதல் மின்பாதையில் மின்னோட்டம் சுற்றிச் சுற்றி ஓடுவதால், விளக்கைப் போட்டது போலத் திடீரென்று துடிப்பு 150, 200 என்று எகிறும், அதேபோலத் திடீரென்று நிற்கும். இதுதான் அந்தக் கோளாறு. அந்த 107 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் பரிசோதனையில் நோயே பிடிபடவில்லை. பிடிபடாதவர்களில் பாதிப் பேருக்கு மேல் பதற்றம், மன அழுத்தம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்படி அனுப்பப்படுவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்கு அளவுக்கு அதிகமாக நடந்திருந்தது. நவீன கருவி எல்லாம் இருந்த ஊரில் இது நிலைமை. நெஞ்சு நிமிடத்துக்கு 180 முறை அடித்தால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். பயத்தைப் பார்த்தவர்கள் அதற்குப் பின்னால் இருந்த துடிப்பைப் பார்க்கவில்லை.

பதற்ற நோய் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அது இருக்கிறது, இந்தப் பருவத்தில் கூடவும் செய்கிறது, அதற்கும் சிகிச்சை வேண்டும். அதையும் ஒரு நோயாக மதித்துச் சொல்லுங்கள். பேச்சை முடிக்கிற ஒரு வசையாகச் சொல்லாதீர்கள். காத்து கருப்பு என்று வேப்பிலை அடித்து மந்திரிக்கிறவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. கோயிலுக்குப் போய்விட்டு வந்து மனது தெம்பாகிறது என்றால் போகட்டும், ஈசிஜி எடுத்துவிட்டுப் போகட்டும்.

வயசு என்கிற இந்தப் பதில் எவ்வளவு ஓட்டையானது என்று பார்க்க, கருப்பை எடுத்த பெண்களைப் பாருங்கள். கரும்பு வெட்டப் புலம்பெயர்ந்து போகிற பெண்களிடையே கருப்பை நீக்கம் பெருகிப்போனதை 2019-இல் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டம் நாட்டுக்குக் காட்டியது. அரசு அமைத்த குழுவின் கணக்கெடுப்பில் சுமார் 82,000 பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டவர்கள் கருப்பை இழந்திருந்தார்கள். மாதவிலக்கு நாளில் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரி அபராதம் பிடிப்பான். அந்த அபராதத்துக்குப் பயந்து எடுத்தவர்களும், புற்றுநோய் வரும் என்று தனியார் ஆஸ்பத்திரிகள் பயமுறுத்தி எடுத்தவர்களும் அதில் உண்டு. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மூங்கில்துறைப்பட்டு ஆலையும் கச்சிராயபாளையம் ஆலையும் அரைக்கிற நம் கள்ளக்குறிச்சி மாவட்டமும் கரும்பு மாவட்டம்தான். பீடில் நடந்தது இங்கே நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் "புள்ள பெத்தாச்சு, இனிமே அது எதுக்கு, எடுத்துப் போட்டுடு" என்ற பேச்சு இங்கேயும் கேட்டுப் பழகிய பேச்சு. சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால், பத்தாண்டில் மெல்ல நடக்க வேண்டிய ஹார்மோன் இறக்கம் ஒரே நாளில் நடக்கிறது. முப்பத்தெட்டு வயதுக்காரிக்கு அனலும் படபடப்பும் வருகிறது, இதய நோய் அபாயமும் கூடுகிறது. அவளிடம் போய் இந்த வயசில் அப்படித்தான் என்று சொல்ல முடியாது, வயசு ஆகவில்லையே. அதனால் அவளுக்குப் பயம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். உண்மையிலேயே ஹார்மோன் காரணமாக இருக்கிற இடத்தில் அதைப் பார்க்கத் தவறுகிறார்கள், இல்லாத இடத்தில் அதையே காரணம் என்கிறார்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதற்குப் பதில் சொல்லாமல் போகக்கூடாது. இயற்கையாக நடப்பதை நோயாக்கி, ஒவ்வொரு பெண்ணையும் ஆஸ்பத்திரிக்கு ஓட்டி, ஆயிரக்கணக்கில் செலவு வைக்கப் பார்க்கிறீர்களா என்கிறார்கள். நெடுஞ்சாலை ஓரம் முளைத்திருக்கிற முழு உடல் பரிசோதனைத் தட்டிகளைப் பார்க்கிறபோது இந்தக் கோபம் எனக்கும் வருகிறது. எடுத்த எடுப்பில் டிரெட்மில், சி.டி. ஆஞ்சியோ என்று எழுதித் தள்ளுவதும் தவறுதான். படபடப்பு என்று வந்தவளுக்குக் காரணம் பார்க்காமல் ஒரு பாட்டில் குளுக்கோஸும் ஒரு சத்து ஊசியும் ஏற்றி அனுப்புவதும் தவறுதான். நான் கேட்பது அதில்லை. ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, ஒரு ஈசிஜி. முதல் சுற்றுக்கு இவை போதும், அரசு மருத்துவமனையில் காசில்லாமல் நடக்கக்கூடியவை. ஈசிஜி என்ன நேற்று வந்த கருவியா? அதை உருவாக்கிய ஐந்தோவனுக்கு 1924-லேயே நோபல் பரிசு கொடுத்தாயிற்று. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு கருவியில் பத்து நொடி படுக்க வைப்பதை ஆடம்பரம் என்று சொன்னால், அந்தப் பெண்ணின் உயிருக்கு நாம் வைத்திருக்கிற விலை என்ன?

பத்து நொடி என்றேன். அதில் இன்னொரு பொறி இருக்கிறது. படபடப்பு காலை மூன்று மணிக்கு வருகிறது, ஈசிஜி பதினோரு மணிக்கு எடுக்கிறார்கள். தாள் சுத்தமாக வருகிறது. "எல்லாம் நார்மல், ஒண்ணுமில்ல போ." அந்தப் பத்து நொடியில் ஒன்றும் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். தொல்லை தொடர்ந்தால் ஒரு நாள் முழுக்க உடம்பில் ஒட்டிப் பதிவு செய்கிற ஹோல்டர் வேண்டும், வால்வைப் பார்க்க எக்கோ வேண்டும். இவற்றுக்கு உளுந்தூர்பேட்டையிலிருந்து வெளியே போகத்தான் வேண்டும். சேலம் சாலையில் போனால் சிறுவங்கூரில் 2022 ஜனவரியில் திறந்த கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி. சென்னை சாலையில் போனால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி, அதைவிட்டால் புதுச்சேரி ஜிப்மர். இரண்டு நெடுஞ்சாலை சந்திக்கிற ஊரில் இருக்கிறோம், எந்தத் திசையிலும் பஸ் உண்டு. களமருதூரிலிருந்தோ சேந்தநாட்டிலிருந்தோ வருகிற பெண்ணுக்குப் பஸ்ஸைவிடப் பெரிய தடை, ஒரு நாள் கூலி போவதும், கூட வர ஆள் இல்லாததும்தான். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துப் பெண்ணுக்கு அதோடு கொண்டை ஊசி வளைவுகளும் சேர்கின்றன. அவளிடம் "ஒண்ணுமில்ல" என்று சொல்லி அனுப்பினால் அவள் திரும்பி வரமாட்டாள். அந்தச் சொல்லுக்கு அவ்வளவு கனம் இருக்கிறது.

மாதவிடாய் நிற்கும் தொல்லைக்குக் கொடுக்கிற ஹார்மோன் மருந்து ஆபத்து, அதனால் பொறுத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை என்று படித்தவர்கள் சொல்வதும் உண்டு. 2002 ஜூலையில் அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் அந்த மருந்தை வைத்து நடந்துகொண்டிருந்த ஒரு பெரிய சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோயும் இதயப் பாதிப்பும் சற்றுக் கூடியதாகத் தெரிந்தது. அந்தப் பயம்தான் கடல் தாண்டி இங்கே வந்து தங்கிவிட்டது. அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பது மட்டும் கூடவே வரவில்லை. மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்குள், அறுபது வயதுக்குள், தாங்க முடியாத அனலும் வியர்வையும் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு என்பது இன்று மருத்துவ உலகில் பரவலாக ஏற்கப்பட்டது. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அந்த மருந்துகளின் விவரச்சீட்டில் கட்டம் கட்டிப் போட்டிருந்த கடும் எச்சரிக்கையின் பெரும்பகுதியை நீக்குவதாக அறிவித்தது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காலில் ரத்தம் உறைந்தவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள் தொடக்கூடாது. படபடப்புக்கு மட்டும் என்று இதைக் கொடுப்பதும் இல்லை. மருத்துவரோடு உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு அது, கடையில் கேட்டு வாங்குவதில்லை. பேசவே கூடாத விஷயம் என்று கதவைச் சாத்துவதைத்தான் எதிர்க்கிறேன்.

எல்லாம் பார்த்தாயிற்று, ரத்தம் சரி, வால்வு சரி, துடிப்பும் சரி, இது மாதவிடாய் நிற்பதன் தொல்லைதான் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் "பொறுத்துக்கோ" என்பது பதிலாகாது. ஆபத்தில்லாதது என்பதால் அது துன்பமில்லாததாகிவிடாது. தூங்காத பெண் அடுத்த நாள் வேலைக்குப் போயாக வேண்டும். குறைக்க வழிகள் இருக்கின்றன. வெயிலில் வேலை செய்கிறவர்கள், ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் பொழுதைக் கழிக்கிறார்கள். நீர் வற்றிய உடம்பில் நெஞ்சு வேகமாகத்தான் அடிக்கும். பசியை அடக்க நாலு டீ குடிப்பது, வெற்றிலை பாக்கோடு புகையிலை போடுவது இரண்டும் துடிப்பை முடுக்கும். புகையிலை மட்டுமல்ல, வெறும் பாக்குக்கும் அந்தக் குணம் உண்டு. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து, சளிக்கு வாங்குகிற சில மாத்திரைகள் படபடப்பைத் தரும், அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். வரும்போது உட்கார்ந்து, மூச்சை மெதுவாக உள்ளிழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுவது அடக்கும் நரம்புக்குக் கைகொடுக்கும். மருதம்பட்டைக் கஷாயம் குடிக்கிறவர்கள், அதை நம்பி ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். படபடப்போடு மயக்கம் வந்து விழுந்தால், நெஞ்சில் வலியோ அழுத்தமோ இருந்தால், மூச்சு வாங்கினால், வேலை செய்யும்போதே கிளம்பினால், குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தால், அது வயசா என்று திண்ணையில் பேசிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மயக்கமோ வலியோ மூச்சுத்திணறலோ என்றால் 108. மற்றவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. படபடப்பு வரும்போது மணிக்கட்டில் விரல் வைத்து முப்பது நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். எண்ணத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எண்ணட்டும். சீராக அடிக்கிறதா, தாறுமாறாக அடிக்கிறதா, மெல்ல ஏறியதா, சட்டென்று தொடங்கிச் சட்டென்று நின்றதா, எத்தனை நிமிடம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஓ.பி.யில் கிடைக்கிற இரண்டு நிமிடத்தில் அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

வீட்டில் உள்ள ஆண்களுக்கும் சொல்கிறேன். மகள் பெரியவளானபோது உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் வேளை தவறாமல் கொடுக்கச் சொன்னது நீங்கள்தான், மாமன் சீர் வைக்க, தட்டி கட்டி ஊரைக் கூப்பிட்டதும் நீங்கள்தான். மனைவிக்கு அது நிற்கும்போது ஒரு நாள் லீவு போட்டு அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு என்ன கூச்சம்?

அரசிடம் கேட்பதும் பெரிதில்லை. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அந்தத் தன்னார்வலர்களில் பலர் இதே வயதுக்காரர்கள், அதே தெருக்காரர்கள். "நெஞ்சு படபடக்குதாக்கா, ரத்தப்போக்கு அதிகமா இருக்கா" என்று அவர்களால் கேட்க முடியும், அவர்களிடம் பெண்கள் சொல்லவும் செய்வார்கள். நாற்பது வயதைத் தாண்டிய ஒவ்வொரு பெண்ணிடமும் இந்த இரண்டு கேள்வியையும் கேட்டுக் குறிக்க அவர்களின் பதிவேட்டில் இடம் வேண்டும். நாடியை அரை நிமிடம் எண்ணப் பயிற்சி வேண்டும். ஆமாம் என்று சொல்கிறவளுக்கு ஹீமோகுளோபினும் ஈசிஜியும் பார்க்கச் சொல்லி அங்கேயே சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், அவள் போனாளா என்று அடுத்த மாதம் கேட்க வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், புது ஆள் வேண்டாம். உளுந்தூர்பேட்டை வட்டத்தில் வருகிற மாதமே தொடங்கலாம்.